சித்திரவதையிலிருந்து தப்பிவந்த அகதிகளும் அவர்களைச் சுற்றி இருப்பவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகலிடம் தேடி வந்தவர்களும் அவர்களுடைய வீட்டாரும், உதவ முன்வரும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நடந்த கொடுமைகளை இங்கே விரித்துச் சொல்லவில்லை; உடல் வலி பற்றிய பகுதியில் மட்டும் ஓரிரண்டு குறிப்புகள் வரும். வாசிக்கும்போது நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு வந்து விட்ட இடத்திலிருந்து வாசிக்கலாம், வாசிக்காமலே விட்டாலும் பரவாயில்லை.

என்னை யாரும் அடிக்கவில்லை. அப்படியானால் எனக்கு நடந்தது சித்திரவதை இல்லையா?

அடி விழுந்தால்தான் சித்திரவதை என்று இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1984 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்டு, 1987 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பிரிவு உடல் வேதனையையும் மன வேதனையையும் ஒரே வரியில் சொல்கிறது. தகவல் பிடுங்கவோ, ஒப்புக்கொள்ள வைக்கவோ, தண்டிக்கவோ, மிரட்டவோ, ஒருவர் இன்ன இனம் என்பதற்காகவோ கடும் வேதனையை வேண்டுமென்றே கொடுப்பதும், அதில் அரசுப் பொறுப்பில் இருப்பவரின் கையோ சம்மதமோ இருப்பதும்தான் சித்திரவதை. நாள்கணக்கில் தூங்கவிடாமல் வைத்தது, கொல்லப்போவதாக நடித்தது, பக்கத்து அறையில் இன்னொருவர் அலறுவதைக் கேட்கவைத்தது எல்லாம் இதற்குள் வரும்.

இது சட்டத்தின் வரையறை. ஆதரவு தேடிப் போவதற்கு இந்த வரையறைக்குள் நீங்கள் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. சீருடை போட்டவர் செய்தாரா, ஆயுதக் குழு செய்ததா என்று பார்த்து யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது.

டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கினால் போதாதா? இதில் "சமூகம்" எதற்கு?

மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு மாத்திரை வேண்டும்தான். மாதக்கணக்கில் தூங்காதவருக்கு முதலில் தூக்கம் வர வேண்டும். ஆனால் சித்திரவதை, விபத்தையோ வெள்ளத்தையோ போன்றது அல்ல. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தது. பெயர்களைக் கேட்டுச் செய்தது. நண்பனைக் காட்டிக்கொடு, அண்ணனைக் காட்டிக்கொடு என்று கேட்டது. காட்டிக்கொடுத்தவர் அந்தக் குற்ற உணர்ச்சியோடு வருகிறார். காட்டிக்கொடுக்காதவர், தன்னால் இன்னொருவர் மாட்டியிருப்பாரோ என்ற சந்தேகத்தோடு வருகிறார். இரண்டு பேருக்கும் உடைந்தது ஒன்றுதான், மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கை. உடைத்தது மனிதர்கள் என்பதால், அது திரும்ப ஒட்டுவதும் மனிதர்களுக்கு நடுவேதான். இதை நாங்கள் முழுதாக நம்புகிறோம்.

நடைமுறையில் இந்த ஆதரவு பல உருவத்தில் வரும். வாரம் ஒரு முறை கூடும் குழுவாக இருக்கலாம். தையல், தச்சு, தோட்டம், நடைப்பயிற்சியாக இருக்கலாம். படிவம் நிரப்பவும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் கூட வரும் ஒரு ஆளாக இருக்கலாம். ஹெலன் பாம்பர் 1985-இல் லண்டனில் சித்திரவதைப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய மருத்துவ அறக்கட்டளை, வந்தவர்களுக்குச் சிறு தோட்டத் துண்டுகளைக் கொடுத்து, மண்ணைக் கொத்திக்கொண்டே உளவளத்துணையாளரோடு பேச வழி செய்தது. நாற்காலியில் எதிரெதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் விசாரணை அறை ஞாபகம் வருகிறவர்கள் உண்டு. மண்வெட்டி பிடித்துக்கொண்டு, முகம் பார்க்காமல், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அதே ஆளுக்குப் பேச்சு வரும்.

நாட்டை விட்டுத்தான் வந்துவிட்டாரே. இங்கே யாரும் அவரை ஒன்றும் செய்ய மாட்டார்களே. இன்னும் ஏன் இப்படி?

வீட்டார் அலுத்துப்போய்க் கேட்கிற கேள்வி இது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

உடம்புக்கு எல்லைக் கோடு தெரியாது. சாவிக்கொத்துச் சத்தம், பூட்ஸ் சத்தம், பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவது, ஒரு வகை சிகரெட் வாசனை, இதில் ஒன்று போதும்; யோசிப்பதற்கு முன்பே உடம்பு அங்கே போய்விடும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறார். காரணம் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வந்த இடம் நிஜமாகவே பாதுகாப்பானதா? தஞ்சக் கோரிக்கைக்குப் பதில் வரவில்லை, வேலை செய்ய அனுமதி இல்லை, மனைவி மக்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள், தபாலில் எந்த நாள் திருப்பி அனுப்பும் கடிதம் வரும் என்று தெரியாது. அகதிகள் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து மாத்யூ போர்ட்டரும் நிக் ஹாஸ்லமும் 2005-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதையே காட்டியது. முகாம், விடுதி போன்ற இடங்களில் தங்கவைக்கப்பட்டவர்களும், வருமானத்துக்கு வழி அடைபட்டவர்களும், விட்டு வந்த நாட்டில் மோதல் ஓயாதவர்களும் மற்ற அகதிகளைவிட மன நலத்தில் பின்தங்கியிருந்தார்கள். அப்படியானால் ஒரு நல்ல வீட்டுக் கதவும், வேலை அனுமதியும் மருத்துவத்தின் ஒரு பகுதிதான்.

சித்திரவதையின் பங்கையும் குறைத்துச் சொல்ல முடியாது. ஸாக்கரி ஸ்டீலும் அவருடைய குழுவினரும் 40 நாடுகளைச் சேர்ந்த 81,866 பேர் அடங்கிய 181 ஆய்வுகளை 2009-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மனவடு நோயோடு (பெரும் கொடுமைக்குப் பிறகு நீடிக்கும் மன பாதிப்பு, ஆங்கிலத்தில் PTSD) மிக வலுவாகச் சேர்ந்து வந்த காரணி சித்திரவதைதான்.

நடந்ததை எல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. சொல்லாமலே ஆதரவு பெறலாம், சொல்லாமலே தேறி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

"மனதில் இருப்பதைக் கொட்டிவிடு, லேசாகிவிடும்" என்று நல்ல மனதோடு சொல்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். பேசவைத்தது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பேசு, பேசு என்று அடித்தவர்கள்தான். வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவரிடம் அங்கே மிச்சம் இருந்த ஒரே சுதந்திரம். அதை நாம் திரும்பவும் பிடுங்கக் கூடாது. பெரும் துயரத்துக்கு ஆளானவரை உடனே உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் செய்யும் பழைய முறையை உலகச் சுகாதார நிறுவனமும் இன்று பரிந்துரைப்பதில்லை.

சொல்லலாமா, எப்போது, யாரிடம், எவ்வளவு என்று முடிவெடுப்பது அவர். பாதியில் நிறுத்துவதும் அவருடைய உரிமை.

சரி, சொல்ல விரும்புகிறவர்களுக்கு என்ன வழி இருக்கிறது?

இரண்டு வழிகளைச் சற்று விரிவாகச் சொல்லலாம்.

ஒன்று, சாட்சியம். சிலியில் 1973-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அங்கிருந்த உளவியலாளர்கள் சித்திரவதைப்பட்டவர்களின் கதைகளைப் பதிவு செய்து, எழுதி, அவர்களோடு சேர்ந்து திருத்தினார்கள். முதலில் இது அரசின் குற்றத்துக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்றுதான் செய்யப்பட்டது. செய்யச் செய்ய, சொன்னவர்களுக்கே அது ஆறுதலாக இருப்பதைக் கண்டார்கள். 1983-இல் இதைப் பற்றி இருவர் வெளியிட்ட கட்டுரை புனைபெயரில்தான் வெளிவந்தது. அந்த நாட்டில் அப்போது அந்த வேலையின் ஆபத்து அப்படி. தனியறையில் அவமானமாகப் புதைந்து கிடந்த ஒன்று, காகிதத்தில் ஏறியதும், செய்தவனின் குற்றமாக மாறிவிடுகிறது.

இன்னொன்று, ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷவுவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய கதைசொல்லல் முறை. முதல் நாள் தரையில் ஒரு கயிறு விரிக்கப்படும். அதன் ஒரு முனை நீங்கள் பிறந்த நாள். பக்கத்தில் ஒரு கூடையில் கற்களும் பூக்களும் இருக்கும். நல்லது நடந்த இடத்தில் பூ, கொடியது நடந்த இடத்தில் கல் வைக்க வேண்டும். பெரிய கல்லா சின்னக் கல்லா என்று நீங்கள்தான் எடுப்பீர்கள். அப்போது விவரம் கேட்கமாட்டார்கள், "இது எந்த வருடம்? எங்கே இருந்தீர்கள்?" அவ்வளவுதான். கயிற்றின் மறுமுனையை விரிக்காமல் சுருட்டியே விடுவார்கள், அது இன்னும் வராத நாட்கள். கல்லை மட்டுமே சுமந்து வந்தவர், பள்ளிக்கூட நாட்களில் ஒரு பூவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வாரங்களில் ஒவ்வொரு கல்லையும் வரிசையாக, முன்பின் நடந்ததோடு சேர்த்து, மெதுவாகச் சொல்வதும், கேட்டவர் அதை எழுதி அடுத்த முறை வாசித்துக் காட்டுவதுமாகப் போகும்.

சிதறிக் கிடந்த நினைவுக்கு ஓர் இடமும் தேதியும் கிடைக்கும்போது, அது "இப்போது நடக்கிறது" என்பதிலிருந்து "அப்போது நடந்தது" என்று நகர்கிறது. உகாண்டாவின் அகதிக் குடியிருப்புகளில் இந்த முறையை ஆய்வு செய்தபோது, அகதிகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து நடத்தவைத்தார்கள், பலனும் கிடைத்தது. பெரிய பட்டம் இல்லாதவரும் முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் இதைச் செய்ய முடியும். அந்த இரண்டும் இல்லாமல் யாரும் இதில் கைவைக்க வேண்டாம்.

குழுவுக்கு முதல் முறை வருகிறேன். என்ன நடக்கும்?

யாரும் உங்கள் கதையைக் கேட்க மாட்டார்கள். கதவு பூட்டப்படாது. விளக்கை அணைப்பதானால் முதலில் சொல்லிவிட்டு அணைப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம், திரும்பி வரும்போது "எங்கே போனீர்கள்?" என்ற கேள்வி வராது. இங்கே பேசியது இங்கேயே இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்வார்கள். புதிதாக ஒருவர் வந்திருப்பார் என்பதால் மட்டுமல்ல, பழையவர்களுக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மூச்சுப் பயிற்சி, அல்லது இரண்டு காலும் தரையில் படுவதைக் கவனித்தபடி சும்மா உட்காருவது. பிறகு அன்றாடப் பேச்சு.

ஒருவர் பல வாரம் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், மேல்சட்டையைக் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. ஒரு நாள் புதிதாக ஒரு பையன் வந்து வாசலிலேயே தயங்கி நின்றான். இவர் எழுந்து அந்த நாற்காலியைக் காட்டினார். "இதில் உட்காருங்கள் தம்பி, இங்கிருந்து வாசல் தெரியும்" என்றார். அதுதான் அந்த அறையில் அவர் பேசிய முதல் வாக்கியம். உதவி வாங்க வந்தவர் உதவி கொடுக்கிறவராக ஆன அந்த நிமிடத்தை எந்தத் தனி அறைச் சிகிச்சையிலும் உண்டாக்க முடியாது.

எனக்கு என் சொந்த மக்களிடம்தான் பயம். அவர்களோடு எப்படி உட்காருவது?

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. காட்டிக்கொடுத்தவர்கள் அதே மொழி பேசியவர்களாக இருந்திருக்கலாம். இங்கே சொல்வது அங்கே போய், அங்கிருக்கும் அம்மாவுக்கு ஆபத்தாகலாம். நீண்ட போரும் சித்திரவதையும் தனி ஆளை மட்டும் அல்ல, ஊரையே காயப்படுத்துகின்றன என்று யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். அவர் சொல்லும் கூட்டு மனவடுவின் அடையாளங்களில் மௌனமும் சந்தேகமும் முன்னால் நிற்கின்றன.

ஆகவே "சமூகம்" என்றால் ஒரே ஊர்க்காரர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நாட்டவர் கலந்த குழுவில் சிலருக்கு மூச்சு விட முடிகிறது. சிலருக்கு ஒரே ஒரு ஆள் போதும். சிலருக்கு முதலில் தனியாகச் சந்திப்பு, ஒரு வருடம் கழித்துக் குழு. குழுவை நடத்துகிறவர் யார், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், உங்கள் விவரங்கள் எங்கே வைக்கப்படுகின்றன என்றெல்லாம் நீங்கள் கேட்கலாம். நல்ல இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

எல்லாப் பரிசோதனையும் சரி என்கிறார்கள். உடம்பு முழுக்க வலிக்கிறதே?

வலி நிஜம். பாதத்தில் தொடர்ந்து அடிபட்டவர்களுக்கு ஆண்டுகள் கழித்தும் நடக்கும்போது கால் எரியும், நடையே மாறிப்போகும். கைகளைக் கட்டித் தொங்கவிடப்பட்டவர்களுக்குத் தோள் நரம்புகள் பழுதாகியிருக்கும். எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். மனவடுவையும் வலியையும் அறிந்த பிசியோதெரபிஸ்ட் இருந்தால் பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன்னால் கேட்பார், எங்கே கைவைக்கப் போகிறார் என்று சொல்வார்.

மருத்துவமனையே பயமாக இருப்பதும் உண்டு. மார்பில் ஒட்டும் ஈ.சி.ஜி. கம்பிகள், பல் டாக்டரின் சாய்ந்த நாற்காலி, வாயில் வைக்கும் கருவி எல்லாம் பழையதைக் கிளறும். சில நாடுகளில் சித்திரவதை அறையில் டாக்டரும் நின்றிருக்கிறார். மருத்துவர்கள் எந்தச் சூழ்நிலையிலும் இதில் பங்கெடுக்கக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் 1975-இல் டோக்கியோவில் பிரகடனம் செய்ய வேண்டியிருந்ததே அதனால்தான். "நான் கை காட்டினால் நிறுத்திவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

மொழி தெரியாது. என் பிள்ளையே மொழிபெயர்க்கட்டுமே?

வேண்டாம். அம்மாவுக்கு நடந்ததை அம்மாவின் வாயிலிருந்து கேட்டு, அதைத் தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்லும் பாரம் ஒரு பிள்ளைக்கு வரக் கூடாது. நீங்களும் பிள்ளைக்காகப் பாதியை மறைப்பீர்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஆணா பெண்ணா, எந்தப் பிரதேசத்தவர் என்பதையும் சொல்லிக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றக் கேட்கலாம். தொலைபேசி வழியாக, பெயர் சொல்லாமல் மொழிபெயர்க்கச் செய்யும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு.

பாலியல் வன்முறையும் நடந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

சொல்ல வேண்டியதில்லை என்று முன்பே சொன்னோம். இங்கே அது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். இது ஆண்களுக்கும் நடக்கிறது, பலருக்கு நடந்திருக்கிறது, நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல. இரண்டாவது, கதையைச் சொல்லாமலே மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளலாம். "பரிசோதனை வேண்டும், காரணம் கேட்காதீர்கள்" என்று ஒரு நர்ஸிடமோ டாக்டரிடமோ சொன்னால் போதும்.

அவமானம் செய்தவனைச் சேரும். உங்களைச் சேராது.

தஞ்சக் கோரிக்கைக்கு மருத்துவ அறிக்கை உதவுமா?

உதவலாம். தழும்புகளையும் மன பாதிப்பையும் எப்படிப் பரிசோதித்து எழுத வேண்டும் என்பதற்கு 1999-இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது. 2022-இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. சொன்ன கதைக்கும் உடலில் இருக்கும் அடையாளத்துக்கும் எந்த அளவு பொருத்தம் என்று மருத்துவர் எழுதுவார். தழும்பே இல்லாவிட்டாலும் அது சித்திரவதை நடக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது.

தேதிகள் முன்பின்னாக வருவது, ஒரு முறை சொன்னது மறுமுறை மாறுவது இவற்றைப் பொய் என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்வதுதான் பலருடைய வழக்கைக் கெடுக்கிறது. மனவடு நினைவைச் சிதறடிக்கும் என்பதை வழக்கறிஞர் மூலமாக முன்கூட்டியே சொல்லவையுங்கள். நேர்காணல் நாளுக்கு முதல் நாளும் அடுத்த நாளும் தனியாக இருக்காதீர்கள். முதலில் சொன்ன ஐ.நா. உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு, சித்திரவதை நடக்கும் என்று நம்ப வலுவான காரணம் உள்ள நாட்டுக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. 14-ஆம் பிரிவு இழப்பீட்டையும் இயன்றவரை முழுமையான மறுவாழ்வையும் உரிமையாகச் சொல்கிறது. நீங்கள் கேட்பது தர்மம் அல்ல.

வீட்டில் இருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்?

பின்னாலிருந்து தொட்டு எழுப்பாதீர்கள். எதிரே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இரவில் அலறி எழுந்தால் "என்ன கனவு?" என்று கேட்பதைவிட, இது எந்த வீடு, இன்று என்ன கிழமை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொல்லுங்கள். கோபம் உங்கள் மேல் வந்து விழும். அதைத் தாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அடிக்கிற அளவுக்குப் போனால் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் எதுவும் சொல்லாவிட்டால் அவர்கள் தங்களைக் காரணமாக நினைத்துக்கொள்வார்கள். "அப்பாவுக்கு முன்பு சிலர் ரொம்பக் கெடுதல் செய்தார்கள். அதனால் சில நாள் அவருக்கு மனசு சரியில்லை. அது உன்னால் இல்லை." இவ்வளவு போதும்.

உயிரை விட்டுவிடலாம் என்று பேசுகிறார். கேட்டால் இன்னும் மோசமாகிவிடுமா?

ஆகாது. "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, பலருக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது. வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருள்களை எடுத்து அப்புறப்படுத்துங்கள், நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட கடிதம் வந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

உதவி செய்கிற எனக்கே இப்போது தூக்கம் வருவதில்லை.

கேட்கிறவருக்கும் இது ஒட்டும். குறிப்பாக மொழிபெயர்ப்பாளர்களுக்கு, அவர்கள் "நான்" என்று சொல்லித்தான் அந்தக் கதையைப் பேசுகிறார்கள். அதிலும் தாங்களே தப்பி வந்தவர்களாக இருந்தால் இரட்டிப்புச் சுமை. மேற்பார்வையாளரிடம் பேசும் நேரத்தைச் சலுகையாக நினைக்காமல் வேலையின் பாகமாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் விலகி நிற்பதால் யாரையும் கைவிட்டதாகாது.

இது முழுதாகக் குணமாகுமா? எவ்வளவு காலம் ஆகும்?

நடந்தது நடக்காததாக ஆகாது. ஆனால் இரவு முழுவதும் விழித்திருந்தவர் நான்கு மணி நேரம் தூங்குவதும், பேருந்தில் கடைசி இருக்கையை விட்டு நடு இருக்கையில் உட்காருவதும், பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போய்க் கூட்டத்தில் நிற்பதும் நடக்கிறது. சிலருக்கு மாதங்கள், சிலருக்குப் பல வருடம். இடையில் சறுக்கலும் வரும். ஊரிலிருந்து ஒரு சாவுச் செய்தி, ஒரு படம், கைதான அதே தேதி திரும்ப வருவது, இவையெல்லாம் மறுபடி கீழே தள்ளும். அந்த நாட்களில் குழுவுக்கு வர மனம் வராது. வராதவரை யாராவது ஒருவர் கூப்பிட்டு, "நாற்காலி அங்கேதான் இருக்கிறது, வியாழக்கிழமை பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.